கிளட்ச் விழுங்கும் வித்தியாசம்

பச்சை விளக்கு எரிவதற்கு முந்திய கணத்தில் ஒரு காரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முதல் கியர் போட்டாயிற்று. கிளட்ச் பெடல் அடிவரை மிதிபட்டிருக்கிறது. சில்லு, அச்சு, கியர்பொக்ஸ், கிளட்ச் பிளேட் எல்லாம் அசையாமல் நிற்கின்றன. அந்தப் பிளேட்டிலிருந்து நகத் தடிப்பளவு இடைவெளிக்கு அப்பால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனச் சக்கரமான பிளைவீல் நிமிடத்துக்கு 5000 தடவை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் 5000, மறு பக்கம் பூச்சியம். காலை எடுத்ததும் இரண்டும் ஒன்றாக வேண்டும்.

அந்த வித்தியாசம் தானாக மறையாது. எங்கோ ஓரிடத்தில் தேய்ந்து, சூடாகித் தீர வேண்டும். ரயர் ரோட்டில் வழுக்கித் தீர்க்கலாம். கிளட்ச் வழுக்கித் தீர்க்கலாம். எஞ்சின் சுற்று விழுந்து திணறித் தீர்க்கலாம். மூன்றும் மறுத்தால் எங்காவது ஒரு தண்டு முறிந்து தீர்க்கும். நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸைக் கையால் கியர் மாற்றும் காரில் ஓடுகிறவனின் வித்தை, இந்த நாலில் எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பதில்தான் இருக்கிறது. கியர் மாற்றும்போதும் கேள்வி இதேதான். அளவு மட்டும்தான் வேறு.

நான் கிளிநொச்சியில் கராஜ் வேலை பார்க்கிறவன். பின்னேரங்களில் வந்து நிற்கிற தம்பிமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, கிளட்சை ஒரேயடியா விட்டாத்தானே பிக்கப் கூட?" போனில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் பின்சில்லு சுருங்கி விரிய, முன்பக்கம் எழும்பிக்கொண்டு கார் பாய்கிறது. ஓட்டுகிறவர் பெடலிலிருந்து காலை வழுக்கி விட்டதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் காலுக்குப் பின்னால் மெத்தை போன்ற பெரிய ரயர் இருப்பதும், வழுக்குவதற்கென்றே அமைத்த கிளட்ச் இருப்பதும் திரையில் தெரியாது. அவை இல்லாத ஒரு பழைய சன்னியிலோ சிவிக்கிலோ அதே போலக் காலை விட்டால், முன்சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். இல்லாவிட்டால் கார் ஒரு முறை முக்கிவிட்டுப் படுத்துவிடும். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாக. தூரம் கால் மைல், அதாவது 402 மீற்றர். பல இடங்களில் அதில் பாதியான 201 மீற்றர் ஓடுகிறார்கள். யப்பானியர் 0 முதல் 400 மீற்றர் என்று கணக்கு வைப்பார்கள். நாங்கள் ஓட்டுவதும் பெரும்பாலும் யப்பான் கார் என்பதால் அந்தக் கணக்கும் எங்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்த என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1951இல் தொடங்கியது. புறப்படும் கோட்டில் விளக்குக் கம்பம் ஒன்று நிற்கும். சாதாரண வகுப்புகளில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை வரும். தொழில்முறை வகுப்புகளில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வந்துவிடும். ஓட்ட நேரக் கடிகாரம் பச்சை எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. முன்சில்லு கோட்டின் ஒளிக்கதிரை விட்டு விலகும்போதுதான் ஓடத் தொடங்கும். பச்சைக்கும் அதற்கும் இடையில் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் வேறாக எழுதப்படும். பழகுகிறவன் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்கைப் பார்த்துப் பதறாமல் காலை மட்டும் கவனித்துப் புறப்பட்டாலும் கார் எவ்வளவு நேரத்தில் ஓடியது என்பது சரியாகக் கிடைக்கும்.

முதல் 60 அடி, அதாவது 18.3 மீற்றர், தனியாக அளக்கப்படும். அனுபவக்காரர்கள் கண் வைப்பது அந்த எண்ணில்தான். அங்கே மிச்சம் பிடித்த ஒவ்வொரு 0.1 விநாடிக்கும் 402 மீற்றர் முடிவில் 0.15 விநாடிக்கு மேல் திரும்பக் கிடைக்கும் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எஞ்சினில் அதே லாபத்தை எடுக்கப் போனால் பெரிய செலவு. காலில் எடுத்தால் காசில்லை.

வன்னிக்கு நேரோட்டம் ஒன்றும் புதிதல்ல. மாட்டுவண்டிச் சவாரிக்குத் திடலைச் சுற்றிக் கூடுகிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சவாரியில் ஊறிய பெரியவர்கள் வண்டி வெல்லும் இடத்தில் நிற்பதைவிடப் புறப்படும் இடத்தில் நிற்கவே விரும்புவார்கள். இரண்டு மாடும் ஒரே நேரத்தில் நுகத்தில் பாரம் வாங்குகிறதா, ஒன்று முந்தி இழுத்து வண்டி கோணுகிறதா என்பதை அங்கேதான் பார்க்கலாம்.

கிளட்சும் எங்களுக்குப் புதிதல்ல. இங்கே பலருடைய இடது கால் முதன்முதலில் பழகியது வயலில், மெசி ட்ராக்டரில். அதில் இரட்டைக் கிளட்ச் உள்ள வகையில் பெடலைப் பாதி மிதித்தால் சில்லுக்குப் போகும் ஓட்டம் நிற்கும், முழுக்க மிதித்தால் பின்னால் கருவிகளைச் சுற்றும் பி.ரி.ஓ. தண்டும் நிற்கும். ஒரே பெடலுக்குள் இரண்டு இடங்கள். அதைக் காலால் தேடித் தேடிப் பழகியவனுக்குக் கிளட்ச் என்பது மேலும் கீழும் மட்டும் உள்ள சுவிட்ச் அல்ல, நடுவில்தான் எல்லாம் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. லாண்ட்மாஸ்டர் என்ற இரு சில்லுக் கை ட்ராக்டரைப் பிடித்தவர்களுக்கு இன்னொரு பாடமும் தெரியும். திருப்புவதற்கு அந்தப் பக்கத்துச் சில்லின் கிளட்சைக் கையால் விடுவிப்போம். மேட்டுநிலத்திலும் சமநிலத்திலும் அந்தப் பக்கமே திரும்பும். இறக்கத்தில், கொளுவிய இழுவைப் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது இடதைப் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். எஞ்சின் சில்லை இழுக்கிறதா, சில்லு எஞ்சினை இழுக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும். இதைக் கையில் உணர்ந்தவன் பின்னால் நான் சொல்லப்போகும் தவறான கியர்க் கதையை உடனே புரிந்துகொள்வான்.

ட்ராக்டரில் இன்னொன்றும் இருக்கிறது, அது உயிர்ச் சங்கதி. சேற்றில் பின்சில்லு புதைந்து நிற்கும்போது சுற்றைக் கூட்டிக் கிளட்சை ஒரேயடியாக விட்டால், சில்லு அசையாது. வித்தியாசம் போவதற்கு வேறு இடம் தேடும். ட்ராக்டரின் உடல் பின்னச்சைச் சுற்றி எழும்பி, ஓட்டுகிறவர் மேல் பின்பக்கமாகக் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. டிராக் கார்களின் பின்னால் சின்னச் சில்லுகளோடு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இதே எழும்பலைத் தடுப்பதற்குத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு முதல் கியர் விகிதம் 3.5, கடைசி விகிதம் 4, ரயரின் சுற்றளவு 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 14; எஞ்சின் 14 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும். நிமிடத்துக்கு 3500 சுற்றில் கிளட்ச் முழுக்கப் பிடித்திருந்தால் கார் மணிக்கு 27 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதாவது, எஞ்சின் 3500க்குக் கீழே விழுந்து திணறக்கூடாது என்றால், பூச்சியத்திலிருந்து 27 கிலோமீற்றர் வரை ஏதோ ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். இதில் திறமைக்கு இடமில்லை. கடவுள் வந்து ஓட்டினாலும் வழுக்கியே ஆகவேண்டும். வழுக்குவது ரயரா கிளட்ச்சா என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

கிளட்சைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு என்ன விலை? எஞ்சின் சுற்றை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்சை வழுக்கவிட்டுக் காரை நகர்த்தினால், காருக்குப் போகும் சக்தி எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு சக்தி கிளட்சில் சூடாகிறது. சரிபாதி. 1000 கிலோ கார் 27 கிலோமீற்றர் வேகத்தை எட்ட வேண்டிய சக்தி ஏறக்குறைய 28 கிலோஜூல். அதே 28 கிலோஜூல் பிளேட்டிலும் பிளைவீலிலும், பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டிலும் போய் இறங்குகிறது. 100 மில்லிலீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் தறுவாய்க்குக் கொண்டுவரப் போதுமான சூடு, ஒன்று ஒன்றரை விநாடிக்குள். ஒரு தடவை என்றால் கிளட்ச் தாங்கும். ஆறவிடாமல் அடுத்தடுத்து நாலு தடவை என்றால் கருகிய மணம் வரும், பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும், அப்புறம் பிடிக்கவே பிடிக்காது.

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானது. கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் சில்லுக்குப் போகும் முறுக்குவிசையைத் தீர்மானிப்பது அக்சிலேட்டர் அல்ல. கிளட்ச் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் போகும். எஞ்சின் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால், மிச்சம் முழுவதும் எஞ்சினின் சொந்தச் சுற்றைக் கூட்டுவதிலேயே போகும். குறைவாகக் கொடுத்தால் சுற்று இறங்கும். ஆகவே முதல் ஒரு விநாடிக்கு உண்மையான அக்சிலேட்டர் உங்கள் இடது கால்தான். வலது காலுக்கு அந்த நேரத்தில் உள்ள ஒரே வேலை சுற்றை விழாமல் வைத்திருப்பது. பழகாதவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. சில்லு சுழன்றால் வலது காலைத் தூக்குகிறார்கள், கார் திணறினால் வலது காலை அமத்துகிறார்கள். கிளட்ச் இன்னும் வழுக்கும் கட்டத்தில் இரண்டுக்கும் மருந்து இடது காலில்தான். சில்லு சுழன்றால் பெடலை ஒரு நூல் உள்ளே, திணறினாலும் ஒரு நூல் உள்ளே. இரண்டுக்கும் ஒரே மருந்து என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே நோய்: கால் அவசரப்பட்டுவிட்டது, கிளட்ச் விழுங்க வேண்டியதை வேறொன்று விழுங்குகிறது.

ரயர் கொஞ்சமும் வழுக்கக்கூடாது என்றும் நினைக்காதீர்கள். சாதாரண ரயரின் பிடி உச்சத்தில் இருப்பது அது ரோட்டைவிட ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போதுதான். அந்த நிலையில் ரயர் சின்னதாகக் கிறீச்சிடும், கதறாது. புகை வந்தால் ஆள் பார்க்க நன்றாக இருக்கும், கடிகாரம் கவனிக்காது.

முன்சில்லு இழுக்கும் கார்களுக்கு இன்னொரு சிக்கல். கார் முன்னே பாயும்போது பாரம் பின்னே சாய்கிறது. 1000 கிலோ கார், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்குப் பாய்ந்தால், புவியீர்ப்பு மையம் அரை மீற்றர் உயரத்திலும் அச்சுகளுக்கிடையே 2.5 மீற்றரும் இருந்தால், முன்னச்சிலிருந்து 100 கிலோ பின்னுக்குப் போய்விடும். பின்சில்லு இழுக்கும் காருக்கு அது வரம். முன்சில்லு இழுக்கும் காருக்கு, சரியாகத் தேவைப்படும் நேரத்தில் பிடி குறைகிறது. ஆகவே சிவிக் வைத்திருக்கும் தம்பி, பின்சில்லு இழுக்கும் டிஎக்ஸ் வாகன் வைத்திருக்கும் நண்பனின் முறையைப் பார்த்துப் படிக்கக்கூடாது. சிவிக்குக்குக் குறைந்த சுற்றும் நீளமான வழுக்கலும் வேண்டும்.

செய்முறை இப்படி. முதலில் ஆசனம். கிளட்சை அடிவரை மிதித்தபிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். குதிக்கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், கணுக்கால்தான் பெடலை விட வேண்டும். முழுக் காலையும் தூக்கி விடுகிறவனால் ஒரு சென்ரிமீற்றரை நிதானிக்க முடியாது. அப்புறம் பிடி இடத்தை, அதாவது பெடலை விடும்போது கிளட்ச் பிடித்துக் காரை நகர்த்தத் தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். பூட்டிய வளவு ஒன்றில், சமதரையில், அக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சால் மட்டும் காரை நகர்த்திப் பாருங்கள். நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி, எஞ்சின் ஒரு தடவையும் நிற்காத அளவுக்குக் கால் கற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கோட்டில் நிற்கும்போது பெடலைப் பிடி இடத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து வைத்திருங்கள். ஹான்ட் பிரேக் பிடித்தபடி, கார் லேசாக முன்னே சாயும் அளவுக்கு மட்டும். அச்சு மூட்டுகளிலும் கியர்ப் பற்களிலும் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் முன்கூட்டியே எடுபட்டுவிட்டால், சக்தி வரும்போது சுத்தியல் அடி போல விழாது. முறிந்த அச்சு மூட்டுகள் எங்கள் கராஜுக்கு வருவது பெரும்பாலும் அந்த அடியால்தான். அந்த நிலையில் நெடுநேரம் நின்றால் கிளட்ச் வேகும், கடைசி மஞ்சளுக்கு முன்பு மட்டும் போதும். புறப்படும்போது பெடலின் முதல் பகுதியை விரைவாக விட்டு, பிடி இடத்தில் நிதானித்து, கார் வேகம் எடுக்க எடுக்க மிச்சத்தை விடுங்கள். எஞ்சின் சுற்று முள் ஒரே இடத்தில் தொங்குவது போல நின்று, பிறகு கார் அதை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து ஏறினால் அது நல்ல புறப்பாடு.

கிளட்சைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே தொட வேண்டும். "பலமான கிளட்ச் போட்டால் வேகமாகப் புறப்படும்" என்பார்கள். அதற்காகச் செரமிக் துண்டு பதித்த பிளேட்டும் கடினமான ஸ்பிரிங்கும் தேடி வாங்குகிறார்கள். அந்தப் பிளேட் பிடித்தால் பிடித்ததுதான், நடுவில் எதுவும் இல்லை. கிளட்ச் விழுங்க மறுத்ததை ரயரும் அச்சும் விழுங்கும். சாதாரண ரயர் போட்ட காருக்கு நல்ல நிலையில் உள்ள சாதாரண லைனிங்தான் ஏற்றது. தொழில்முறை ஓட்டக்காரர்களே எதிர்த் திசையில்தான் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பிரஷர் பிளேட்டில் ஸ்பிரிங் அழுத்தம் வேண்டுமென்றே குறைவாக இருக்கும், அதனால் புறப்படும்போது வழுக்கும். விடுவிக்கும் நெம்புகளின் நுனியில் சின்ன எடைகள் இருக்கும். சுற்றுக் கூடக்கூட அந்த எடைகள் வெளியே விசிறி அழுத்தத்தைக் கூட்டி, பிளேட்டை முழுக்கப் பூட்டிவிடும். வீடியோவில் ஒரேயடியாக எடுத்த காலுக்குப் பின்னால் நிதானித்து விட்டது அந்த எடைகள்தான். எங்களிடம் அது இல்லை, ஆகவே அந்த வேலையைக் கணுக்கால் செய்ய வேண்டும்.

இனிக் கியர். அதே உதாரணக் காரில் இரண்டாம் கியர் விகிதம் 2 என்று வைப்போம். முதல் கியரில் 7000 சுற்றில் கார் மணிக்கு 54 கிலோமீற்றரில் போகும், விநாடிக்கு 15 மீற்றர். இரண்டாம் கியருக்கு அதே வேகத்தில் 4000 சுற்றுப் போதும். 3000 சுற்று வித்தியாசம். மாற்றுவதற்கு அரை விநாடி எடுத்தால் ஏழரை மீற்றர் தூரம் எஞ்சின் தள்ளாமல் கார் சும்மா உருளும்.

இந்த 3000ஐ விழுங்குவது இரண்டு இடங்கள். எஞ்சின் பக்க வித்தியாசத்தை மறுபடி கிளட்ச் விழுங்கும். கிளட்ச் பிளேட்டும் உள்தண்டும் சேர்ந்த பகுதியின் சுற்றைக் குறைப்பது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையம். அதுவும் ஒரு குட்டிக் கிளட்ச்தான், கூம்பு வடிவில். நீங்கள் கியர் நெம்பைத் தள்ளும்போது வளையம் கூம்பில் உரசி இரு பக்கச் சுற்றையும் சமப்படுத்தும். சமமாகும்வரை பல்லைப் பூட்டவிடாமல் தடுக்கும். சமமானதும் வழிவிடும். அதற்கு வேண்டியது உறுதியான, தொடர்ச்சியான தள்ளு. குத்தி இடித்தால் வளையம்தான் தேயும். மென்மையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் நேரம் போகும்.

இரண்டாம் கியர் கர்ரென்று கத்துகிறது என்று காரைக் கொண்டுவந்து, "கியர்பொக்ஸ் இறக்க வேணும் அண்ணை" என்பவர்களுக்கு நான் முதலில் கிளட்சைத்தான் பார்ப்பேன். பெடல் அடிவரை போயும் பிளேட் முழுக்க விடுபடாமல் உரசிக்கொண்டிருந்தால், அந்தச் சின்னப் பித்தளை வளையம் முழு எஞ்சினோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வெல்ல முடியாது. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி கேபிளுக்குள் புகுந்து இழுவையைக் கெடுப்பது, ஹைட்ரோலிக் கிளட்சில் காற்று நிற்பது, பெடல் அச்சு தேய்ந்து ஓட்டம் குறைவது, இவைதான் காரணமாக இருக்கும். கேபிளை மாற்றி ஆட்டத்தைச் சரிசெய்தாலே பாதிக் கார்களில் கத்தல் நின்றுவிடும். எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கும் றப்பர்கள் நைந்திருந்தாலும் பாயும்போது எஞ்சின் சரிந்து, நெம்பு தேடிய இடத்தில் கியர் இருக்காது.

அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே கிளட்சைத் தட்டிவிட்டு மாற்றும் முறை ஒன்று உண்டு. கிளட்ச் திறந்த கணத்தில் எஞ்சின் தறிகெட்டு ஏறும், சுற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுத் தடுப்பு அதைப் பிடித்து நிறுத்தும், பூட்டியதும் ஏறிய வித்தியாசம் முழுக்கக் கிளட்சிலும் ரயரிலும் விழும். தெருக் காரின் கியர்பொக்ஸில் இதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. கிடைக்கும் நேரம் கொஞ்சம், போகும் பித்தளை அதிகம். அதற்குப் பதில் இப்படிப் பழகுங்கள்: மாற்றப்போகும் முன்பே கை நெம்பில் லேசாகச் சாய்ந்து அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். கிளட்சும் அக்சிலேட்டரும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும், வலது கால் முழுக்க வெளியே வரத் தேவையில்லை. கிளட்ச் திறந்த கணத்தில் நெம்பு தானாக விழும். பெடல் அடிவரை போகத் தேவையில்லை, விடுபடும் இடத்தைச் சற்றுத் தாண்டினால் போதும். பெடலுக்குக் கீழே கட்டை வைத்து அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு, நல்ல யோசனைதான்.

கையைப் பற்றி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு விரல்களை மடித்து நேர் பின்னே இழுங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது கையைத் திறந்து உள்ளங்கையால் நேர் முன்னே தள்ளுங்கள். நடுவழிக்கு நெம்பைக் கொண்டுவர உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அதை அதன் வேலையைச் செய்ய விட வேண்டும். முட்டி இறுகப் பிடித்து நீங்களே வழிகாட்டப் போனால், பாய்ச்சலில் உடம்பு சாய்ந்திருக்கும் நேரத்தில் கை தன்னையறியாமல் தன் பக்கமோ அப்பாலோ இழுக்கும். மூன்றாவதைத் தேடி முதலாவதைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டாம் கியரில் 7000 சுற்றில் போன கார், முதலாம் கியரில் எஞ்சினை 12,250 சுற்றுக்கு இழுத்துப்போகும். மின்னணுத் தடுப்பு அங்கே உதவாது, ஏனென்றால் சுற்றுவது பெற்றோல் அல்ல, சில்லு. லாண்ட்மாஸ்டர் இறக்கத்தில் தலைகீழாவது போலவே. வால்வு பிஸ்டனில் முட்டும், கதை முடியும்.

கையால் கியர் மாற்றுவதில் பெயர்போனவர் அமெரிக்காவின் நோர்த் கரோலைனாவைச் சேர்ந்த ரொனி சொக்ஸ். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாலு கியர் நெம்பை அவர் கையாண்ட விதத்துக்காக 'மிஸ்டர் ஃபோர் ஸ்பீட்' என்றே அவரை அழைத்தார்கள். அந்தக் காலப் போட்டிக் கியர்பொக்ஸ்களில் பித்தளை வளையங்களைக் கழற்றிவிட்டு, பூட்டும் பற்களில் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்டியெடுத்துவிடுவார்கள். இடைவெளி அகலமானதும் சுற்றுச் சமமாகக் காத்திருக்காமல் பல் விழும். வித்தியாசத்தை விழுங்க வளையம் இல்லாததால் அந்த அடி முழுவதும் பற்களிலும் கிளட்சிலும் போகும். தெருவில் மெதுவாக ஓட்ட அது நரகம். 1970இல் தொடங்கிய, தொழில்முறை வகுப்புகளில் ஒன்றான புரோ ஸ்டொக் பிறகு கிளட்ச் தொடாமலே ஐந்து கியரும் மாறும் பெட்டிகளுக்குப் போய்விட்டது. அங்கே இடது காலுக்கு மிஞ்சியிருக்கும் வேலை புறப்படுவது மட்டும். எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்த பிறகும் அந்த ஒரு விநாடியை அவர்கள் காலிடமே விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பிளைவீல் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலைத் திரும்பத் திரும்ப லேத்தில் கடைந்து மெல்லியதாக்கிப் பூட்டும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வைத்து ஓட்டிய பரம்பரை நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது, அந்தக் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 7000 சுற்றில் சுழலப்போகும் பிளைவீலுக்கு அந்தச் சிக்கனம் ஆகாது. அது வெடித்தால் கிளட்ச் மூடியைக் கிழித்துக்கொண்டு வருவது ஓட்டுகிறவரின் பாதத்துக்குத்தான். 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டிராக் ஓட்டக்காரர் டொன் கார்லிட்ஸின் காரில் கியர்பொக்ஸ் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்த காரை அவர் உருவாக்கி 1971இல் ஓட்டி வென்றது அதற்குப் பிறகுதான். போட்டிக் கார்களில் கிளட்சைச் சுற்றித் தடித்த உருக்குக் கவசம் கட்டாயமாக்கப்பட்டிருப்பது சும்மா இல்லை. விரிசல் தெரிகிற, அல்லது எத்தனை தடவை கடைந்தது என்று தெரியாத பிளைவீலை ஓட்டத்துக்குப் பூட்டித் தரச் சொன்னால் நான் மாட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஏ9 வீதிக்காக அல்ல. வன்னியில் இதற்கென்று ஓடுதளம் இல்லை என்பது உண்மை. அதற்காக மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ராத்திரி நேரத்தில் நேரான ரோட்டைக் கண்டு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரோட்டில் மாடு படுத்திருக்கும். பின்விளக்கு இல்லாத ட்ராக்டர் நெல்லேற்றிக்கொண்டு போகும். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் வீதியின் ஓரத்தில் அறுவடை நாளில் நெல் காயும், பக்கத்தில் காவலுக்கு ஒரு அம்மம்மா இருப்பார். அங்கே ஓடுவதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன், அப்படி ஓடுகிறவனுக்கு வேலை செய்து கொடுக்கவும் மாட்டேன். தெற்கே கழகங்கள் ஒழுங்காக நடத்தும் போட்டிகளுக்குப் போகலாம். அதுவரை பூட்டிய வளவில் கணுக்காலைப் பழக்கலாம், நின்ற காரில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையையும் காலையும் ஒன்றாக அசைக்கப் பழகலாம்.

எந்தச் சுற்றில் மாற்றுவது என்று கேட்பீர்கள். எஞ்சினின் உச்ச சக்தி வரும் சுற்றைக் கொஞ்சம் தாண்டி, மாற்றியபிறகு முள் உச்சத்துக்கு அருகிலேயே போய் விழும்படி மாற்றுங்கள். சிவப்புக் கோடு வரை இழுத்தால்தான் வீரம் என்பதில்லை. முடிவுக் கோடு பக்கத்தில் தெரியும்போது இன்னும் கொஞ்சம் சுற்று மிச்சமிருந்தால், மாற்றாமல் அதே கியரில் கடந்துவிடுவது பெரும்பாலும் லாபம். கடந்ததும் கிளட்சை மிதித்து உருளவிடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சூடான பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ஒன்றாகச் சுற்றி ஆறட்டும். திரும்பி வந்து நிறுத்தியபின் ஹான்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் பெடலை மெதுவாக மிதித்து, பிடி இடம் காலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஏறியிருந்தால் லைனிங் தேய்ந்துவிட்டது அல்லது இன்னும் சூடு தணியவில்லை. கீழே இறங்கியிருந்தால் எண்ணெயோ கேபிளோ விட்டுக்கொடுக்கிறது. இரண்டில் எதுவானாலும் காரணம் தெரியும்வரை மறுபடி கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.